பாத்திர அறைச் சாவி

எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆயர், போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை வாசலில் மடக்கிக்கொண்டார். சபை மலருக்கு ஒரு சாட்சி எழுதித் தரவேண்டுமாம். "ஒரே பக்கம் போதும் தாத்தா. ஆபத்துல ஆண்டவர் எப்படிக் காப்பாத்துனாருன்னு சுருக்கமா எழுதுங்க," என்றார். தாத்தா என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரே பக்கம் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. கரண்டு ஆபீஸில் ஓய்வு பெறும்வரை கம்பம் ஏறியே காலம் கழித்தவன் நான். ஒரு பக்கத்தில் ஏறிவிடலாம், இறங்க இடம் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. இதே சாட்சியை நான் முன்பே ஒரு தடவை, சுருக்கமாக, எங்கள் சபைக் கோயிலில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். கேட்க அழகாகத்தான் இருந்தது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆனால் பாதியை விழுங்கிவிட்டேன். அதனால் இந்த முறை நீட்டி முழக்கித்தான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில், பேரையூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் ஹெல்பராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் குழி தோண்டினேன், கம்பம் தூக்கினேன், கம்பி இழுத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, முதுகுவலி இன்றைக்கும் இருக்கிறது என்பதைத் தவிர. மூன்றாம் வருஷம், "நாளையில இருந்து நீ மேல ஏறு" என்றார் போர்மேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு உயரம் என்றால் பயம். எங்கள் வீட்டு மச்சில் நின்று கீழே பார்த்தாலே உள்ளங்கால் கூசும். இதை யாரிடமும் சொல்லாமல் கரண்டு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்மேன் பெயர் பெரியகருப்பன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டு ஆள். ஒல்லி உடம்பு, கரகரத்த குரல், சட்டையின் இடது பை எப்போதும் கனத்துத் தொங்கும். பையில் சாவி இருக்கும். ஒரு லைனில் வேலை என்றால் முதலில் அந்த லைனுக்குக் கரண்டு வரும் ஸ்விட்சைத் திறந்து, அதாவது இணைப்பைத் துண்டித்து, அதன் கைப்பிடியைக் கீழே தள்ளி, பூட்டுப் போடுவோம். சாவியைப் போர்மேன் தன் பையில் போட்டுக்கொள்வார். அந்தச் சாவி அவர் பையில் இருக்கிறவரை எந்தக் கொம்பனும் அந்த லைனில் கரண்டு விட முடியாது. அடையாளத்துக்கு அதில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருப்பார்.

ஆள் மேலே இருக்கும்போது அவர் டீ குடிக்கமாட்டார், வெற்றிலை போடமாட்டார், உட்காரவும் மாட்டார். வேலை முடிந்து எல்லாரும் இறங்கியதும் ஒரு காரியம் செய்வார். வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தன் தோளிலும் கைவைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். வாயால் எண்ணுவதெல்லாம் அவரிடம் எடுபடாது. "ஆளைத் தொடாம லைன் விடமாட்டேன். குரலு எங்கிருந்து வேணாலும் வரும், தோளு ஒரு எடத்துலதான் இருக்கும்," என்பார். சின்னச்சாமி என்றொரு ஹெல்பருக்கு யார் தொட்டாலும் கூச்சம். அவர் கை பட்டதும் நெளிந்து சிரிப்பான். எண்ணிக்கை தப்பிவிடும். அவர் வைதுகொண்டே மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்.

நான் முதல்முதல் ஏறிய நாள். பாதிவரை எப்படியோ போய்விட்டேன். மேலே போய் பெல்ட்டை மாட்டியதும் கீழே பார்த்தேன். அவ்வளவுதான், கைகால் விறைத்துக்கொண்டது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். கீழே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போர்மேன் ஒரு அதட்டுப் போட்டார், சிரிப்பு நின்றது.

"மணி, என்னைப் பாரு," என்றார். பார்த்தேன். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "சாவி எங்கிட்ட இருக்கு. நான் இங்கனதான் நிக்கிறேன். நீ எம்புட்டு நேரம் வேணாலும் எடுத்துக்க."

ஏதாவது திட்டியிருந்தால் விழுந்திருப்பேன். அந்த வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது. கண்ணை மூடாமலே வாய்க்குள் ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, ஏத்திவிட்டவர் நீர். எறக்கிவிடுறதும் உம்ம பொறுப்பு." அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஆனால் வேலையை முடித்து இறங்கிவிட்டேன்.

"மேல என்னடா முணுமுணுன்னு சொல்லிக்கிட்டிருந்த?" என்று கேட்டார்.

"ஜெபம்ணே."

"அதைச் சத்தமாச் சொல்றதுக்கென்ன? நாங்களும் கேட்டுக்கிறோம்ல."

அன்றிலிருந்து அது எங்கள் ஆபீஸ் வழக்கம் ஆகிவிட்டது. ஸ்விட்சைத் திறந்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டதும் போர்மேன் என் பக்கம் திரும்பி, "மணி, உன் பங்கைச் சொல்லுப்பா," என்பார். நான் அந்த இரண்டு வரியைச் சொல்வேன். எல்லாரும் தலையிலிருந்து துண்டை எடுத்துவிட்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட ஒரு நாளில் சின்னச்சாமியே அந்த ஜெபத்தைச் சொன்னானாம். கடைசியில் ஆமென் மறந்துபோய், "அம்புட்டுத்தான் சாமி" என்று முடித்தானாம். அதுவும் கேட்கப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம். நான் லைன்மேன் ஆகியிருந்தேன். ஐப்பசி மழையோடு காற்றும் சேர்ந்து அடித்து, ஒரு கண்மாய்க் கரை ஓரமாகப் போகும் லைன் அறுந்து கிடந்தது. மூன்று நாளாகச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கரண்டு இல்லை, தண்ணீர்த் தொட்டி காலி. மறுநாள் ஞாயிறு எங்கள் சபையில் அசனம். சபையார் கூடிச் சமைத்து, சாதி மதம் பாராமல் ஊருக்கே ஆட்டுக்கறியும் சோறும் போடும் பண்டிகை அது. அந்த வருஷம் பாத்திரப் பொறுப்பு என்னுடையது. அண்டா, குண்டா, கரண்டி எல்லாம் கோயிலின் பாத்திர அறையில் பூட்டிக் கிடக்கும், சாவி என் சட்டைப்பையில் இருக்கும். போர்மேனைப் பார்த்து நானும் அதில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைத்திருந்தேன்.

அன்று காலை போர்மேன் ஸ்விட்சைத் திறந்து பூட்டினார். ரோட்டோரம் பஸ் நிற்கும் இடத்திலேயே அந்த ஸ்விட்ச் கம்பம் இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குக் கம்பி தாங்கும் பீங்கான்கள் போதாது என்று அவரே மதுரைக்குப் போகவேண்டியிருந்தது. பஸ் ஏறும்போது சாவியை என் கையில் கொடுத்தார். "ஆளைத் தொடாம விட்றாத," என்றார். "நான் பாத்துக்கிறேண்ணே," என்றேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். அதே பையில்தான் பாத்திர அறைச் சாவியும் கிடந்தது. இரண்டுமே பித்தளை, இரண்டிலும் சிவப்பு நூல்.

பத்து மணிவாக்கில் எங்கள் உபதேசியார் செல்லையா கரை மேலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கோயிலில் மணியடிப்பது முதல் பாய் விரிப்பதுவரை எல்லாம் அவர்தான். "தம்பி, அண்டா தேய்க்கப் பொம்பளைங்க வந்து உக்காந்திருக்காக. சாவியைக் குடுங்க," என்றார். நான் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் பையைத் துழாவி, கிடைத்த சாவியைக் கொடுத்தேன். அவர் போய்விட்டார்.

என்னோடு நாலு பேர் வேலை செய்தார்கள். சின்னச்சாமி, குருசாமி, இன்னும் இரண்டு ஹெல்பர்கள். குருசாமி வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முந்தைய மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைப்பது பற்றித்தான் காலையிலிருந்து பேச்சு.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஊர்க்காரர்கள் காலிக் குடத்தோடு கரையில் கூடிவிட்டார்கள். "அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கோ மனசெல்லாம் கோயிலில் இருந்தது. ஆடு வந்ததோ, விறகு நனைந்ததோ என்று ஒரே பரபரப்பு. ஆட்கள் கரையில் ஆளுக்கொரு பக்கம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வரிசையில் நிற்கவைத்துத் தொடவேண்டும். நான் என்ன செய்தேன்? நின்ற இடத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று பேரும் குரல் கொடுத்தார்கள். "குருசாமி?" என்றேன். "அவன் அப்பவே எறங்கிட்டாண்ணே," என்றான் சின்னச்சாமி. அவன் சொன்னது பொய்யில்லை, குருசாமி இறங்கியதை அவன் கண்ணால் பார்த்திருந்தான்.

சரி என்று நான் ரோட்டைப் பார்த்து நடந்தேன். ஸ்விட்ச் கம்பத்துக்கும் வேலை நடந்த இடத்துக்கும் இடையில் பனங்கூட்டம் ஒன்று மறைக்கும். அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

சாவியைப் பூட்டில் நுழைத்தேன். நுழையவில்லை. திருப்பிப் போட்டேன். ஊதிப் பார்த்தேன். வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் சாவியின் தலையைப் பார்த்தேன். அது பாத்திர அறைச் சாவி.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. செல்லையாவை ஏசினேன், என்னை ஏசிக்கொண்டேன். பின்னாலேயே வந்துவிட்ட ஊர்க்காரர்கள், "கரண்டு ஆபீசுக்காரருக்குச் சாவி தொலைஞ்சு போச்சாம்" என்று சிரித்தார்கள். அவர்களோடு வந்த சின்னச்சாமியைச் சைக்கிளில் கோயிலுக்கு விரட்டினேன். அவமானத்தில் குறுகிப்போய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுப்பைக் கொடுத்தார், அதையும் கெடுத்தாயே என்று என்னை நானே வைதுகொண்டிருந்தேன். அரைமணி நேரம் போயிருக்கும். மதுரை பஸ் வந்து நின்றது. தோளில் பீங்கான் பெட்டியோடு போர்மேன் இறங்கினார்.

"என்னப்பா, மொகம் தொங்கிப்போய்க் கிடக்கு?"

"சாவியை மாத்திக் குடுத்துட்டேண்ணே. கோயில் சாவி எங்கிட்ட இருக்கு. நம்ம சாவி கோயில்ல இருக்கு."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப உங்க கோயில்ல இந்நேரம் கரண்டு வந்திருக்கும்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆளுக எறங்கியாச்சுல்ல?" என்று கேட்டார்.

"எறங்கியாச்சுண்ணே."

"தொட்டியா?"

நான் கோயில் சாவியின் சிவப்பு நூலைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"உன்னையத்தான் கேக்குறேன். தொட்டியா, இல்லையா?"

"பேரு சொல்லிக் கூப்பிட்டேண்ணே. மூணு பேரு குரல் குடுத்தாக. குருசாமி எறங்கிட்டான்னு சின்னச்சாமி சொன்னான்."

பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். கரையை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பனங்கூட்டத்தைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார். நானும் பார்த்தேன்.

நான் பேர் கூப்பிட்ட இடத்திலிருந்து கரை வளைவும் மரங்களும் மறைத்த மூன்றாவது கம்பத்தின் உச்சியில் குருசாமி உட்கார்ந்திருந்தான். பெல்ட்டில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டை வேறு சீட்டியடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், "அண்ணே, இந்தக் கட்டு லொடலொடன்னு இருந்துச்சு. மனசு கேக்கலை, திரும்ப ஏறிட்டேன். இன்னும் ரெண்டு முறுக்குத்தான்," என்றான்.

நான் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சாவி சரியாக இருந்திருந்தால், அரைமணி நேரம் முன்னாலேயே நான் அவனைக் கொன்றிருப்பேன். போர்மேன் கம்பத்தடியில் போய் நின்று, கொஞ்சமும் குரல் மாறாமல், "முறுக்கிட்டு எறங்குப்பா. அவசரமில்லை," என்றார். அவன் இறங்கி மண்ணில் கால் வைத்ததும், தோளில் கை வைத்தார். கையை எடுக்க வெகுநேரம் ஆனது. என்னையும் தொட்டார், மற்ற இருவரையும் தொட்டார். ரோட்டில் காத்து நின்று, வேர்த்து விறுவிறுத்துச் சாவியோடு வந்த சின்னச்சாமியையும் தொட்டார். அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை.

கோயிலில் நடந்த கூத்து எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செல்லையா, பூட்டுத்தான் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து, ஸ்விட்ச் சாவியை வைத்துக்கொண்டு பாத்திர அறைப் பூட்டோடு காலையிலிருந்து மல்லுக்கட்டியிருக்கிறார். தேங்காயெண்ணெய் ஊற்றியிருக்கிறார், கல்லால் தட்டியிருக்கிறார். கடைசியில் பெண்களெல்லாம் அறை வாசலில் முழங்கால்போட்டு, பூட்டுத் திறக்க ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். பூட்டு அசையவே இல்லை. அந்த ஜெபம் வேறு இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அசனம். போர்மேன் வந்திருந்தார். குருசாமி தன் மனைவி பாண்டியம்மாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மூவரும் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. நான் எழுந்தேன். சாவி மாறிப்போனதையும், கம்பத்தின் மேல் ஒரு ஆள் இருந்தது யாருக்கும் தெரியாமல் போனதையும், ஆண்டவர் பாத்திர அறைச் சாவியைக் கொண்டு ஒரு உயிரைக் காத்ததையும் சொன்னேன். கோயிலே ஸ்தோத்திரம் என்று அதிர்ந்தது. செல்லையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஏதோ பெரிய ஆள் போல உட்கார்ந்தேன்.

வெளியே பந்தி தொடங்கியது. கறி வாளியை எடுக்கப் போன இடத்தில் போர்மேன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாப் பேசுன. உங்க சாமி சாவியை மாத்துனாருங்கிறதை நானும் நம்புறேன்," என்றார். "ஆனா, 'யாருக்கும் தெரியாமப் போச்சு'ன்னியே. எப்படித் தெரியாமப் போச்சுன்னு சொல்லலையே."

நான் கரண்டியால் கறி வாளியைக் கிளறினேன்.

"அந்தப் பிள்ளை பாண்டியம்மா எங்கிட்ட வந்து கேக்குது. 'எங்க வீட்டுக்காரரு மேல இருந்ததை ஒருத்தரும் பாக்கலையாண்ணே?'ன்னு. நான் என்னத்தைச் சொல்ல? நீயே போய்ச் சொல்லு," என்றுவிட்டு, இலை போட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கறி வாளியோடு பந்திக்குள் இறங்கினேன். அதற்கு முன் எத்தனையோ கம்பம் ஏறியிருக்கிறேன், அன்றைக்குப் போல நான் பயந்ததே இல்லை. சொன்னால் வேலை போகலாம். குருசாமி சட்டையைப் பிடித்து உலுக்கலாம். அந்தப் பெண் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். ஒவ்வொரு இலையாக நகர நகர அவர்கள் இலை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. வாய்க்குள் அதே இரண்டு வரியைச் சொன்னேன். "ஆண்டவரே, ஏத்திவிட்டவர் நீர். எறக்கிவிடுறதும் உம்ம பொறுப்பு." கம்பம் ஏறாத ஒரு வேலைக்கு அந்த ஜெபத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர்கள் இலைக்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"குருசாமி, நேத்து ஆளைத் தொட்டு எண்ணணும்னு போர்மேன் சொல்லிட்டுப் போனாரு. நான் எண்ணலை. நின்ன எடத்துல இருந்து பேரைக் கூப்பிட்டுட்டு, கரண்டு விடப் போயிட்டேன். சாவி மாறலைன்னா என் கையால உன்னையக் கொன்னுருப்பேன்."

குருசாமி கையில் பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தான். "தெரியும்ணே," என்றான். "எறங்குனதும் உங்க மொகத்தைப் பாத்தேன்ல. நானும் ஒரு வார்த்தை சொல்லாம திரும்ப ஏறுனது தப்புத்தான்."

பாண்டியம்மாளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பக்கத்து இலைக்காரர்களும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். வாளியில் கறி ஆறிக்கொண்டிருந்தது.

"இனிமே தொட்டு எண்ணுவீகளா?" என்றாள்.

"எண்ணுவேம்மா."

"ஒரு நாளும் விடாம?"

"ஒரு நாளும் விடமாட்டேன்."

"அப்பச் சரி," என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு இன்னுங் கொஞ்சம் கறி போடுங்க. எலும்பாப் போட்டுருக்கீக," என்றாள்.

பந்தியே சிரித்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன், அழுதுகொண்டே கறி போட்டேன். அதைப் போல ருசியான அசனம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம். திங்கட்கிழமை நானாகவே எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது, வேலை போகவில்லை. அடுத்த அசனத்தில் சாட்சியை முழுசாகச் சொன்னேன். ஸ்தோத்திரம் கொஞ்சம் சன்னமாகத்தான் வந்தது. எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்து இருந்தது.

ஆயர் ஐயா, பக்கம் போதாவிட்டால் சாவி மாறிய கதையை வெட்டிக்கொள்ளுங்கள், நான் தொடாத கதையை வெட்டாதீர்கள். காத்தவர் அவர், காக்கத் தவறியவன் நான். ஒன்றை மறைத்து மற்றதைச் சொன்னால் அவருக்கும் அதில் மகிமை இல்லை.

பாண்டியம்மாளுக்குக் கொடுத்த வாக்கை நான் ஓய்வு பெறும்வரை காப்பாற்றினேன். கடைசி நாள் மாலை அதே கண்மாய்க் கரை லைனில் ஒரு வேலை முடிந்து, வழக்கம்போல எல்லாரையும் தொட்டு எண்ணிவிட்டு, சாவியை எனக்கு அடுத்து போர்மேனாக வரவிருந்த குருசாமியின் கையில் கொடுத்தேன். அவன் தலையும் அப்போது நரைத்திருந்தது. சாவியை வாங்கியவன் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை.

"என்னப்பா, சாவி சரியான சாவிதான். போ," என்றேன்.

"இருங்கண்ணே. இன்னும் ஒரு ஆளு பாக்கி," என்றான் குருசாமி. என் தோளில் கையை வைத்து அழுத்தினான். பிறகு திரும்பி, கண்மாய்க் கரைவரை கேட்கும்படி, "எல்லாரும் எறங்கியாச்சு, லைன் விடலாம்," என்றான்.